நூறாண்டு கண்ட மாணவர்

1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31-ஆம் நாள். பாரிஸ் மாநகரம் ஒரு முதியவரின் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் அரசரல்லர்; படை நடத்திய தளபதியல்லர்; நாவன்மையால் மக்களைக் கவர்ந்த அரசியல்வாதியுமல்லர். பன்றிக் கொழுப்பையும் ஆட்டுக் கொழுப்பையும் வெண்ணெயையும் உருக்கியும் வடித்தும் வாழ்நாளின் வளமான ஆண்டுகளைக் கழித்த ஓர் இரசாயன அறிஞர். அவருக்கென ஒரு பதக்கம் வார்க்கப்பட்டது. புகழ்பெற்ற நதார் அவரோடு உரையாட, நதாரின் மகன் அவரைப் படம்பிடித்தார். உரையும் படங்களும் பத்திரிகையில் ஒன்றாக வெளிவந்தன. புகைப்படத்தோடு கூடிய பேட்டி என்னும் புதுமை அன்றுதான் பிறந்தது எனலாம். ஆனால், அத்தனை சிறப்புகளுக்கிடையிலும் அந்த முதியவர் தமக்கென விரும்பி வைத்துக்கொண்ட பட்டம் ஒன்றே ஒன்று: பிரான்சு நாட்டு மாணவர்களுள் வயதில் மூத்த மாணவர் என்பதே அது.

அவர்தாம் மிஷெல் யூஜீன் செவ்ரல். கொழுப்பமிலங்கள் என்று இன்று பாடசாலை மாணவரும் கூறும் பொருட்களை உலகுக்கு முதன்முதலிற் பிரித்துக் காட்டியவர்.

செவ்ரல் 1786-ஆம் ஆண்டு, பிரான்சின் மேற்கேயுள்ள ஆன்ஜே என்னும் நகரிற் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். மகனுக்கு மூன்று வயது நடக்கையிற் புரட்சி வெடித்தது. ஏழு வயதானபோது உள்நாட்டுப் போர் அவ்வூரின் மதில்களையே வந்து மோதியது. தலைவெட்டும் பொறி ஊர்ச் சதுக்கத்தில் நின்ற காலம் அது. மறு ஆண்டிலே பாரிஸில் அதே பொறி, நவீன இரசாயனத்தின் தந்தையென யாம் போற்றும் லவாசியேயின் தலையையும் கொண்டது. இத்தகைய காலத்திற் பிறந்த பிள்ளை இரசாயனத்தையே தன் வாழ்வாக்கிக்கொண்டமை எண்ணி வியத்தற்குரியது.

1803-ஆம் ஆண்டில், பதினேழு வயது இளைஞராகச் செவ்ரல் பாரிஸ் சென்றார். அங்கே வோக்லன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் அவரை ஏற்றுக்கொண்டது. ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்து, தன் உழைப்பினாலே உயர்ந்தவர் வோக்லன். அவரிடம் செவ்ரல் கற்ற முதற் பாடம் பொறுமை. ஒரு பொருளைக் கரைத்து, வடித்து, படிகமாக்கி, மீண்டும் கரைத்து, மீண்டும் படிகமாக்கி, இனி மாறாது என்ற நிலை வரும் வரையிற் கைவிடாத பொறுமை.

அந்தப் பொறுமைக்கு ஏற்ற பொருள் 1811-இல் அவர் கைக்கு வந்தது. பன்றிக் கொழுப்பையும் பொட்டாசுக் காரத்தையும் சேர்த்துச் செய்த ஒரு சவர்க்காரம் அது. மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சவர்க்காரம் காய்ச்சி வந்தனர். எனினும் கொழுப்புக்கும் காரத்துக்குமிடையே பாத்திரத்தினுள் நிகழ்வது யாதென எவரும் தெளிவாக அறிந்திலர். கொழுப்பு முழுமையாகக் காரத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே என்பது பொது எண்ணம். செவ்ரல் அச்சவர்க்காரத்தை நீரிலிட்டபோது, அடியிலே முத்துப்போல் மின்னும் செதில்கள் படிந்தன. அவற்றை அமிலத்தாற் பிரித்தெடுத்தார். கிடைத்தது கொழுப்பன்று, கொழுப்பிலிருந்து பிறந்த ஓர் அமிலம். முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்கு மார்காரிக் அமிலம் என்று பெயர் வந்தது. வாழ்வின் முதற் பெருங் கண்டுபிடிப்பு அது. அப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அதற்கொரு விதி நேர்ந்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கொழுப்பை விட்டகலவில்லை. மாடு, செம்மறி, வாத்து, மனிதன் என்றவாறு உயிர்களின் கொழுப்பை வரிசையாக ஆராய்ந்தார். மாட்டுக் கொழுப்பிலிருந்து ஸ்டியரிக் அமிலமும், எண்ணெய்த் தன்மை மிகுந்த ஒலியிக் அமிலமும், வெண்ணெயிலிருந்து பியூற்றிரிக் அமிலமும், வெள்ளாட்டின் மணத்தோடு தொடர்புடைய கப்ரோயிக், கப்ரிக் அமிலங்களும் ஒவ்வொன்றாக அவர் குடுவையில் வெளிப்பட்டன. சுவீடிய அறிஞர் ஷேலே அதற்கு முன்பே கண்டிருந்த இனிய நீர்மத்துக்குக் கிளிசரின் எனப் பெயரிட்டவரும் இவரே. பித்தக்கல்லில் இருந்த மெழுகு போன்ற பொருள் காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாவதில்லை என்று காட்டி, அதனைக் கொழுப்பினின்றும் வேறாக்கிக் கொலஸ்தரின் என்று பெயர் சூட்டினார். இன்று மருத்துவமனை வாயில்களிலெல்லாம் ஒலிக்கும் கொலஸ்திரோல் அதுவே. நீரிழிவு நோயாளரின் சிறுநீரிலுள்ள சர்க்கரை, திராட்சைச் சர்க்கரையே என 1815-இற் காட்டியதும் அவரே.

இவையனைத்தையும் விடப் பெரிது, அவர் கண்ட உண்மை. கொழுப்பு என்பது ஒற்றைப் பொருளன்று; அமிலங்களும் கிளிசரினும் இணைந்த கூட்டு. காரம் அக்கூட்டைப் பிரித்து, அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கிளிசரினை வெளியே விடுகிறது. பிரிந்துவந்த பகுதிகளை நிறுத்துப் பார்த்த செவ்ரல், அவை முதற் கொழுப்பிலும் சற்று நிறை கூடியிருக்கக் கண்டார். கூடுதலாக வந்தது யாது? நீர். கொழுப்புப் பிரியும்போது நீரைத் தன்னுள் ஏற்கிறது என்று தராசின் முள்ளைக் கொண்டே அவர் முடிவு செய்தார். 1823-இல் வெளிவந்த அவரது விலங்குக் கொழுப்புகள் பற்றிய நூல், உயிர்ப்பொருளை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதற்கே ஓர் இலக்கணமாயிற்று. ஒரு பொருள் தூயதா என்றறிய அதன் உருகுநிலையைப் பார், மீண்டும் படிகமாக்கு, உருகுநிலை மாறாதிருப்பின் தூயது என்று கொள். அந்நூல் வகுத்த நெறி இதுவே.

அறிவு வீட்டு விளக்கிலும் எரிந்தது. அக்காலத்து ஏழைகள் ஏற்றியது மாட்டுக் கொழுப்பாலான திரி. உருகி வழியும், புகையும், நாறும். அந்நாற்றத்துக்குக் கிளிசரினும் ஒரு காரணம். அதனை நீக்கி, திண்ம அமிலத்தை மட்டும் வார்த்தால் வெண்மையான நல்ல மெழுகுதிரி கிட்டும். 1825-இல் செவ்ரலும் கே-லுசாக்கும் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். ஆயினும் வியாபாரம் அவர்களுக்குக் கைவரவில்லை. சில ஆண்டுகளின் பின் த மில்லி என்பவரே அதனைத் தொழிற்சாலைப் பொருளாக்கி வெற்றி கண்டார்.

1824-இற் செவ்ரல், அரசருக்குரிய கோபெலன் திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவரானார். கறுப்புச் சாயம் வலுவிழந்து தோன்றுகிறதென நெசவாளர் முறையிட்டனர். சாயத்தை எத்தனை முறை சோதித்தும் குறை காணப்படவில்லை. குறை சாயத்திலன்று, அருகே நெய்யப்பட்ட நீலத்திலும் ஊதாவிலும் என்று உணர்ந்தார் அவர். ஒரு நிறம் பக்கத்து நிறத்தாற் கண்ணுக்கு மாறித் தோன்றும். 1839-இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல், பின்னாளிற் புள்ளிகளாலேயே ஓவியம் தீட்டிய சூராவின் கையில் ஒரு வழிகாட்டியாயிற்று.

தம் கண்ணையே நம்பாத இவர், தம் கையையும் நம்பினாரல்லர். நூலிற் கட்டிய வளையமொன்றைப் பாதரசத்தின் மேலே பிடித்தால் அது தானே ஊசலாடும் எனச் சிலர் கூறினர். செவ்ரல் பிடித்தார்; ஆடிற்று. இடையே கண்ணாடித் தகட்டை வைத்தால் நின்றது. பின்பு கண்ணைக் கட்டிக்கொண்டு, தகட்டை வைப்பதும் எடுப்பதும் தமக்குத் தெரியாவண்ணம் பிறரைச் செய்யச் சொன்னார். அப்போது தகட்டினால் விளைந்த மாற்றம் எதுவுமில்லை. ஆட்டியது பாதரசமன்று, தமது எதிர்பார்ப்பே என 1833-இல் அம்பியருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். முதலில் தாமே ஏமாந்தவர் என்பதை அவர் மறைக்கவில்லை.

அந்த நேர்மைக்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. 1850-களில் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ட்ஸ், செவ்ரலின் மார்காரிக் அமிலத்தை மீண்டும் ஆராய்ந்தார். 17 காபன் அணுக்கள் உடையதென மற்ற இரசாயனர் கணித்திருந்த அது ஒரு பொருளே அன்று. 16 காபன் கொண்ட பால்மிற்றிக் அமிலமும் 18 காபன் கொண்ட ஸ்டியரிக் அமிலமும் கலந்த கலவை! அவ்விரண்டும் ஒரு குறித்த அளவிற் சேரும்போது தூய பொருள்போலவே படிகமாகும். உருகுநிலை மாறாதிருந்தால் தூயது என்று விதி வகுத்தவரையே அவ்விதி ஏமாற்றிவிட்டது. அவரது முதற் கண்டுபிடிப்பு, முத்தொளி வீசிய அப்பெயர், அவர் உயிரோடிருக்கும்போதே பட்டியலினின்றும் அகற்றப்பட்டது. எனினும், அவரைப் பின்பற்றி வந்தோர் அவர் கற்பித்த அதே முறையை இன்னும் நுணுக்கமாகக் கையாண்டே அவரைத் திருத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. மாணவர் ஆசானை வென்றது ஆசான் தந்த வாளினாலேயாம்.

அத்தவற்றினுள்ளே இயற்கை ஓர் இரகசியத்தை ஒளித்து வைத்திருந்தது. செவ்ரல் பிரித்த அமிலங்களின் காபன் அணுக்களை எண்ணுக: பியூற்றிரிக் 4, கப்ரோயிக் 6, கப்ரிக் 10, ஸ்டியரிக் 18, ஒலியிக் 18. நம் அடுக்களைத் தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லோரிக் அமிலத்தில் 12. எல்லாம் இரட்டை எண்கள்! ஒற்றை எண்ணாகிய 17 மட்டும் பொய்த்தது. ஒற்றைப்படை அமிலங்கள் இயற்கையில் அறவே இல்லை என்பதன்று. பாற்கொழுப்பிற் சிற்றளவில் அவையும் உண்டு. ஆனால் பெரும்பான்மை இரட்டையே. இது ஏன்?

விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு சென்றது. 1904-இல் ஜெர்மனியில் நூப் என்பவர், அடையாளமாக ஒரு வளையத்தை ஒட்டவைத்த கொழுப்பமிலங்களை நாய்களுக்கு ஊட்டி, உடல் அவற்றை இரண்டிரண்டு காபனாகவே வெட்டுகிறது என்று கண்டார். வெட்டுவது இரண்டிரண்டாயின், கட்டுவதும் அவ்வாறே ஆகுமோ? 1940-களில் நியூயோர்க்கில் ரிட்டன்பேக்கும் கொன்ராட் புளொக்கும், கன ஐதரசனால் அடையாளமிட்ட அசற்றிக் அமிலத்தை, அதாவது காடியிலுள்ள அந்த இரு காபன் அமிலத்தை, எலிகளுக்குக் கொடுத்தனர். அடையாளம் எலிகளின் கொழுப்பமிலங்களிற் போய் நின்றது. 1951-இல் மியூனிக்கில் லினன், அந்த இரு காபன் துண்டு துணைநொதியம் ஏ என்னும் பொருளோடு பிணைந்து செயலூக்கம் பெறுகிறது என்று காட்டினார்.

எனவே கட்டுவது வெட்டுவதன் மறுபக்கமே எனப் பலர் கருதினர். இயற்கை அவ்வளவு எளியதன்று. 1958-இல் அமெரிக்காவில் வாக்கிலும் அவர்தம் துணைவரும் வேறொரு வழியைக் கண்டனர். இரு காபன் துண்டின் மேல் ஒரு காபனீரொட்சைட்டு ஏற்றப்பட்டு, மலோனைல் என்னும் மூன்று காபன் துண்டாகிறது. வளரும் சங்கிலியோடு அது சேரும்போது, ஏற்றிய காபனீரொட்சைட்டு கழன்றுவிடுகிறது. எஞ்சுவது மீண்டும் இரண்டே. போடுவானேன், எடுப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அக்காபன் கழன்று போகும்போதுதான் சங்கிலி ஓரடி முன்னேறுவதற்கு வேண்டிய உந்துதல் கிடைக்கிறது. நம் உடற் கலங்களில், பல தொழில்களை ஒருங்கே ஆற்றும் ஒரு பெரும் புரத நொதியம் சங்கிலியைத் தன் கையிலேந்தி, ஒரு தொடக்கத் துண்டும் ஏழு மலோனைல் துண்டுகளும் சேர்ந்து 16 காபனாகும் வரை வளர்த்து, பின்னர் விடுவிக்கிறது. அதுவே பால்மிற்றிக் அமிலம். மேலும் இரண்டு காபன் கூட்டினால் ஸ்டியரிக். அதினின்றும் இரண்டு ஐதரசனைக் கழித்தால் ஒலியிக். செவ்ரலின் மேசையில் கிடந்த பெயர்களெல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாயின. 1964-இற் புளொக்கும் லினனும் கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும் உடலிலே ஆக்கப்படும் முறையைக் கண்டமைக்காக நோபெல் பரிசு பெற்றனர். அவ்விரு பொருட்களையும் முதன்முதல் வரையறுத்தவர் செவ்ரல் என்பது நினைக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் அவர் காணவில்லை. ஆனால் கண்டவை குறைவல்ல. 1854-இல் பேர்தலோ கிளிசரினையும் கொழுப்பமிலங்களையும் மீண்டும் சேர்த்துக் கொழுப்பையே ஆக்கிக் காட்டியதை அவர் கண்டார். 1871-இல், 84 வயதில், முற்றுகையிடப்பட்ட பாரிஸில், தாம் இயக்குநராயிருந்த இயற்கை வரலாற்று நூதனசாலையின் மீது பிரஷ்யரின் குண்டுகள் விழுந்ததையும் கண்டார். நகரை விட்டு அகலாது, அறிவியற் கழகத்திலே அச்செயலைக் கண்டித்தார். ஈபெல் கோபுரம் விண்ணை நோக்கி எழுவதையும் கண்டார். 1889-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவருடைய ஒரே மகன் காலமானார். சில நாட்களுக்குள், ஏப்ரல் 9-ஆம் நாள், 102 வயதுடைய தந்தையும் கண்மூடினார்.

ஈபெல் கோபுரத்திற் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் செவ்ரல் என்பதும் ஒன்று. அப்பெயரைப் பொன்னெழுத்திற் காண்போர் பலர். அவர் முதலிற் பெயரிட்ட முத்தமிலம் கலவையென்று தேறியதை அறிவோர் சிலரே. தம் முதல் வெற்றி உதிர்ந்த பின்னரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்மை மாணவர் என்று அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றுவந்த அந்த முதியவரை, சவர்க்காரத்தின் நுரையைக் கையிலெடுக்கும்போதேனும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.