இடைப்பாலார்க்கு இடந்தேடிய எட்வேட் கார்ப்பென்டர்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களைப் பற்றி வகுப்பிலே பேசும்போதெல்லாம், அவர்தம் ஆங்கில நண்பராகிய எட்வேட் கார்ப்பென்டரைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை கூறுவது என் வழக்கம். கேம்பிரிட்சிலே அருணாசலத்துடன் பழகியவர். அவர் அனுப்பிய பகவத்கீதையைக் கற்று உருகியவர். 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தமிழ் ஞானி ஒருவரிடம் பாடங்கேட்டவர். இவ்வளவோடு நிறுத்திவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் எழுந்து, அவர் ஏன் மணஞ்செய்யவில்லை என்று வினவினான். ஞானநாட்டமே காரணம் என்று விடையிறுத்தேன். அது மெய்யன்று என்பது அப்பொழுதே எனக்குத் தெரியும். அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன்.

கார்ப்பென்டர் 1844 ஓகஸ்ட் 29ஆந் திகதி, பிரைற்றன் நகரையடுத்த ஹோவ் என்னுங் கடற்கரையூரிலே செல்வக்குடியிற் பிறந்தார். கேம்பிரிட்சில் திரினிற்றி ஹோல் கல்லூரியிற் பயின்று, அங்கேயே பதவியும் பெற்று, ஆங்கிலத் திருச்சபையிற் குருப்பட்டமும் ஏற்றார். ஆனால் அவருள்ளம் ஆடவரையே நாடியது. அதனை வாய்விட்டுச் சொல்லத்தக்க ஒரு சொல்தானும் அக்காலத்து ஆங்கில நாட்டில் நல்லோர் நாவில் வழங்கவில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ற் விற்மனின் தோழமைப் பாடல்கள் கைக்கெட்டியபோதுதான் தாம் தனியரல்லர் என்று உணர்ந்தார். 1874இல் குருப்பட்டத்தைத் துறந்தார். வடபுலத்துக் கைத்தொழில் நகரங்களிலே தொழிலாளர்க்கு வானசாத்திரம் முதலிய துறைகளிற் சொற்பொழிவாற்றினார். 1877இல் விற்மனையே நேரிற் சென்று கண்டார். தந்தையார் 1882இல் இறந்தபின், கிடைத்த பொருளைக்கொண்டு ஷெபீல்ட் நகருக்குத் தொலைவில்லாத மில்தோர்ப் என்னுஞ் சிற்றூரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கினார். காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்றார், தோற்செருப்பும் தைத்தார். படித்தவர் செருப்புத் தைப்பதா என்று நம்மவர் கேட்பதுபோலவே அங்குள்ளாரும் கேட்டிருப்பர்.

1890இல் இலங்கைப் பயணம். குருநாகலில் அருணாசலத்தின் விருந்தினராகத் தங்கி, இராமசாமி என்னும் ஞானியிடம் நாடோறுஞ் சென்றார். இலக்கணப் புலமையால் 'இலக்கணம்' என்ற அடைமொழியைப் பெற்றவர் அந்த ஞானி. ஞானி தமிழிற் கூற, அருணாசலம் ஆங்கிலத்தில் விளக்கினார். அக்காலத்துக் கிறித்தவப் பாதிரிமார் எழுதிய தமிழிலே நம் முன்னோர்க்கு வழங்கிய பெயர் அஞ்ஞானிகள் என்பது. குருப்பட்டந் துறந்த ஓர் ஆங்கிலேயர், அவ் அஞ்ஞானிகளிடையே ஞானியைத் தேடிவந்து காலடியில் அமர்ந்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்குப் புன்னகை வரும். எண்ணம் ஒடுங்கிய நிலையில் தான் பிறர் என்ற வேற்றுமை நீங்கும் என்ற உபதேசம் அவர் நெஞ்சிற் பதிந்தது. உடம்பை இகழுந் துறவுநெறியை மட்டும் அவர் ஏற்கவில்லை. 1892இல் வெளிவந்த பயண நூலில் இவை யாவும் உள.

அவர் நாடு திரும்பியபின் நிகழ்ந்தனவே நான் மறைத்த பகுதி. 1885ஆம் ஆண்டுச் சட்டம், ஆடவர் இருவர் தனிமையிற் கூடுதலையும் ஈராண்டுக் கடுஞ்சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. அதனை அறிந்தே, தன்பாற் காதல் நோயுமன்று, பாவமுமன்று, இயற்கையின் ஒரு வகை என்று கார்ப்பென்டர் 1895 தொடக்கத்தில் ஒரு சிறுநூலை அச்சிட்டுத் தனிப்பட வழங்கினார். சில மாதங்களில் ஒஸ்கார் வைல்ட் இச்சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். நாடெங்கும் அச்சம். கார்ப்பென்டரின் வேறொரு நூலை வெளியிட உடன்பட்டிருந்த பதிப்பாளரும் பின்வாங்கினார். அவரோ பின்வாங்கவில்லை, தொழிலாளர் அச்சகமொன்றின் மூலம் 1896இல் அந்நூலை வெளியிட்டார். ஷெபீல்ட் நகரின் ஏழைச்சேரியிற் பிறந்த ஜோர்ஜ் மெரில் என்பவரை 1898இல் தம் இல்லத்துக்கே வாழ்க்கைத் துணையாக அழைத்துக்கொண்டார். நண்பர் பலர் தடுத்தனர். 1909இல் ஒருவர் பழித்துத் துண்டுப்பிரசுரமும் வெளியிட்டார். எனினும் இல்லம் கலையவில்லை. 1913இல் அங்கு சென்ற எழுத்தாளர் ஈ. எம். போஸ்ரர், தன்பாற் காதலைப் பற்றிய தம் நாவலுக்கு அங்கேயே கரு பெற்றார். அந்நாவல் போஸ்ரர் இறந்தபின் 1971இலேயே வெளிவந்தது.

ஆண், பெண் என்ற இரு கரைகளுக்கிடையே பல படிகள் உண்டு. அப்படிகளில் நிற்போர் இடைப்பாலார் என்பது கார்ப்பென்டரின் கொள்கை. இதனை 1908ஆம் ஆண்டு நூலில் விரித்தார். 1914இல் வேறொரு நூலில், பண்டைச் சமயங்களை ஆராய்ந்தார். சைபீரியப் பூசாரிகள், வட அமெரிக்கப் பழங்குடிகளிற் பெண்ணுடை தாங்கிய ஆடவர் முதலியோரைக் காட்டி, தெய்வம் ஏறப்பெற்றோரும் குறிசொல்வோரும் பலவிடத்தும் இடைப்பாலாராயிருந்தனர் என்றார். எலிபென்ராக் குகையின் அர்த்தநாரீசுவரரையும் அந்நூலிற் சான்றாக்கினார். சான்றுகளிற் பல பிறநாட்டுப் பயணிகளின் குறிப்புகள். அவற்றின்மேல் அவர் ஏற்றிய பாரம் சிலவிடத்து மிகை என்பது என் கருத்து. ஆயினும் ஒன்று கூறவேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே, ஆண்மை திரிந்த பேடியைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைத்தார். அதுவும் தெய்வப் பெயர்களோடு சேர்த்து ஒரே சூத்திரத்தில் வைத்தார். இரண்டுக்கும் தனியீறு இல்லை என்பதே இலக்கண காரணம். அதற்குமேல் எதுவும் இதனால் நிறுவப்படாது. ஆனால் குருநாகலில் இலக்கணம் இராமசாமி இதனைச் சொல்லியிருந்தால் கார்ப்பென்டர் குறித்துக்கொண்டிருப்பார்.

1920இல், கிறித்தவச் சடங்குகள் பல ஞாயிற்றையும் பருவங்களையும் போற்றிய பழஞ்சமயங்களிலிருந்து வந்தவை என்று எழுதினார். ஆங்கிலத்தில் அப்பழஞ்சமயத்தாரைப் பேகன் என்பர். மயிலுக்குப் போர்வையீந்த நம் வள்ளல் பேகன் வேறு. இது நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மாந்தர் மீண்டும் மலையுச்சியிற் கூடி விண்மீன்களைப் போற்றி ஆடுவர் என்று 1889லேயே அவர் எதிர்பார்த்தார். அவ்வாறே, பழஞ்சமயத்தைப் புதுக்குவோர் பின்னாளில் இங்கிலாந்திலே தோன்றினர். அவருட் பேர்பெற்ற ஜெரால்ட் கார்ட்னர், 1900 அளவில் இளைஞராக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் என்பது ஒரு வியப்பு. 1954இல் நூல் வெளியிட்ட கார்ட்னர், தேவனும் தேவியும், ஆணும் பெண்ணும் என்னும் இரு துருவங்களைச் சடங்குக்கு அச்சாணியாக்கினார். எனவே அவ்வழிபாட்டுக் குழுக்கள் பலவற்றிலே தன்பாற் காதலர்க்கு இடமில்லாதிருந்தது. இயற்கையை வணங்குகிறோம் என்றவர்களே இயற்கையின் ஒரு பகுதியைப் புறத்தே நிறுத்தினர். 1977இல் நியூயோர்க்கில் எடி புசின்ஸ்கி தன்பாற் காதலர்க்கெனத் தனி வழிபாட்டு மரபு ஒன்றைத் தொடக்கினார். 1979இல் ஹாரி ஹே முதலியோர் அரிசோனாப் பாலைநிலத்திற் கூடி வேறோர் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். ஹே தம் பதினோராம் வயதில் நூலகமொன்றிற் கண்டெடுத்து, வாழ்நாள் முழுதும் மறவாத நூல் கார்ப்பென்டருடைய 1908ஆம் ஆண்டு நூலே.

கார்ப்பென்டரின் இறுதிக்காலம் அமைதியானது. 1922இல் மெரிலுடன் கில்ட்பேட் நகரிற் குடியேறினார். 1924இல் அருணாசலம் மறைந்தார். அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1927இல் நூலாக்கினார். 1928 சனவரியில் மெரில் இறந்தார். 1929 யூன் 28ஆந் திகதி கார்ப்பென்டரும் காலமானார். இருவரையும் ஒரே குழியில் அடக்கினர். தனிமையில் நிகழ்வதைக் குற்றமாக்கிய அச்சட்டம் இங்கிலாந்தில் நெகிழ்ந்தது 1967இலே.

அன்று வினாவிய மாணவன் இப்போது வேறோரூரில் ஆசிரியன். இப்பத்திரிகை கைக்கு வந்ததும் ஒரு பிரதியை அவனுக்கு அஞ்சலில் அனுப்புவதாயிருக்கிறேன்.