நோயாளியின் வாழ்வை அறிந்த வைத்தியர் டாக்டர் பனோன்

மனம் பேதலித்த ஒருவரைக் கண்டால், அது அவர் தலைவிதி என்றோ பரம்பரைக் கோளாறு என்றோ சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். அவர் வாழ நேர்ந்த வாழ்வே நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்று எண்ணுவதில்லை. அப்படி எண்ணிய ஒரு வைத்தியரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பிரான்ட்ஸ் பனோன் 1925-ஆம் ஆண்டு, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக் தீவில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்டுக் காயமுற்றார். ஆயினும் அந்நாட்டார் கண்ணுக்கு அவரது நிறமே முதலில் பட்டது. லியோன் நகரில் மருத்துவம் பயின்ற அவர், நிறவேற்றுமை உள்ளத்தைப் புண்படுத்தும் விதத்தை 1952-இல் நூலாக எழுதினார்.

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அல்ஜீரிய முஸ்லிம்கள் பிறவியிலேயே மூர்க்கர்கள், அறிவு குன்றியவர்கள் என்று அந்நாளைய பிரெஞ்சு மருத்துவர் பலர் போதித்து வந்தனர். பனோன் அதை ஏற்கவில்லை.

அவரது பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் பகுதியும் முஸ்லிம் ஆண்கள் பகுதியும் இருந்தன. கூட்டம், நாடகம், இசை, கைவேலை, சொந்தப் பத்திரிகை ஆகியவற்றால் நோயாளிகளை மீண்டும் மனிதரோடு பழகச் செய்தார். பெண்கள் பகுதியில் நல்ல பலன் கிடைத்தது. ஆண்கள் பகுதியிலோ எவரும் அசையவில்லை. கூடை பின்னச் சொன்னால், அது பெண்கள் வேலை என்று ஒதுங்கினர்.

குற்றம் யாருடையது? நோயாளிகளுடையது என்று சொல்லிவிடுவது எளிது. பனோனோ குற்றம் தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். ஐரோப்பியருக்குத் தைத்த சட்டையை அல்ஜீரிய உழவருக்கு மாட்டப் பார்த்ததை உணர்ந்தார். அவர்கள் மொழியும் அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் மூலமே பேசினார். பிறகு அம்மக்களின் வழக்கங்களை ஆராய்ந்தார். மருத்துவமனைக்குள்ளே காப்பிக்கடை வைத்தார்; பெருநாட்களைக் கொண்டாடச் செய்தார்; கதை சொல்பவரை வரவழைத்தார். மண்வெட்டி கையில் வந்ததும் உழவர்கள் தாமாகவே மண்ணைக் கொத்தலாயினர். முடங்கிக் கிடந்தவர்கள் பேசத் தொடங்கினர். தாம் முதலில் தோற்றதையும் மறைக்காமல் 1954-இல் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்.

அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்கு ஆளானவரும் அவரிடம் வந்தனர். சித்திரவதை செய்து நிம்மதியிழந்த போலீஸ்காரரும் வந்தனர். சொந்த நாட்டிலேயே மக்களை அந்நியராக்கும் ஆட்சி நீடிக்கும்வரை வைத்தியம் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகவே முடியும் என்று கண்டு, 1956 இறுதியில் பதவி துறந்தார். அடுத்த மாதங்களில் நாடு கடத்தப்பட்டுத் துனீசியா சென்று, விடுதலை இயக்கத்துக்கும் நோயாளிகளுக்கும் உழைத்தார்.

1961 டிசம்பர் 6-ஆம் நாள், 36-ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் அல்ஜீரிய மண்ணிலே அடக்கம் செய்யப்பட்டது. 1962 ஜூலையில் அந்நாடு விடுதலை பெற்றது. பிளிடா மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் வீட்டிலோ அண்டையிலோ ஒருவர் மனம் நொந்து ஒதுங்கினால், அவர் குறையைத் தேடுமுன், அவர் கூலியையும் குடியிருப்பையும் படும் அவமதிப்பையும் விசாரிப்போமாக. வைத்தியம் அங்கிருந்தே தொடங்குகிறது.