சாலைக்கு வராத 2,000 ரூபாய் கார்: ஜி.டி. நாயுடுவின் மோட்டார் வாழ்க்கை

கோயம்புத்தூர்: அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலம் ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன்மீது விரையும் வாகனங்களுள் அவர் வடிவமைத்த கார் ஒன்றுகூட இல்லை.

கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த அவர், தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டு நீங்கியவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளே அவரது வாழ்வின் திசையை மாற்றியது. அதனை வாங்குவதற்காகவே கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் ஊர் சுற்றுவதைக் காட்டிலும், அதனைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டுவதிலேயே நாட்டம் கொண்டார். அவர் பயின்ற பொறியியல் கல்லூரி அதுவே எனலாம்.

1920-ல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் வளர்ந்து யு.எம்.எஸ். நிறுவனமாயிற்று. பேருந்து நேரத்துக்குப் புறப்பட வேண்டும், வழியில் பழுதாகி நிற்கக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பெரிது. பயணச்சீட்டு வழங்கும் இயந்திரம், எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஆகியவற்றை அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுவதும் இத்தொடர்பிலேயே. மின்சாரச் சவரக் கருவி, 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து உருவாக்கிய மின் மோட்டார் எனப் பட்டியல் மேலும் நீளும்.

எனினும் 1952-ல் அவர் உருவாக்கிய இருவர் அமரும் பெட்ரோல் காரே தனிக்கவனத்துக்குரியது. விலை 2,000 ரூபாய். தொழில்களுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டிருந்த காலம் அது. உற்பத்திக்கான உரிமத்தை அரசு மறுத்தது. திட்டம் அத்துடன் நின்றது.

வடிவமைப்பு மட்டுமே ஒரு வசதியைப் பொதுவாக்கிவிடாது. ஸ்வீடனின் நில்ஸ் போலின் 1959-ல் வால்வோ நிறுவனத்துக்காக உருவாக்கிய மும்முனை சீட் பெல்ட், அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ இசைந்ததால் உலகெங்கும் பரவியது. நாயுடுவின் காருக்கோ பட்டறை வாசலே எல்லையாயிற்று.

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். சிறிய குடும்பக் காராக மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில்.