உடைந்த வளையல், பழைய சைக்கிள், காலி பாட்டில்... குப்பையிலேயே சிற்ப ஊரைக் கட்டியவர்: யார் இந்த நேக் சந்த்?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு காயலான் கடையை எட்டிப் பார்த்தால் என்ன இருக்கும்? துருப்பிடித்த சைக்கிள் பிரேம், நசுங்கிய டின், காலி பாட்டில், உடைந்த வாஷ் பேசின். எடை போட்டு காசு வாங்கியதோடு அந்த சாமான்களை நாம மறந்துடுவோம். ஆனால் இதே மாதிரி சாமான்களை வைத்து ஆயிரக்கணக்கான சிற்பங்களைச் செய்தார் ஒரு அரசு ஊழியர். அதுவும் கிட்டத்தட்ட 18 வருஷம், அரசாங்கத்துக்கே தெரியாமல். அவர்தான் சண்டிகர் 'ராக் கார்டன்' எனும் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்த்.

யார் இவர்?

முழுப்பெயர் நேக் சந்த் சைனி. 1924 டிசம்பர் 15-ல் பிறந்தார். சொந்த ஊர் ஷகர்கர் பகுதியில் உள்ள ஒரு கிராமம். 1947-ல் நாடு பிரிந்தபோது அந்தப் பகுதி பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அப்போது அவருக்கு 22 வயது. குடும்பத்தோடு ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்தார்.

பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூரும் பாகிஸ்தானுக்குப் போனதால், இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. அப்படி உருவானதுதான் சண்டிகர். சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சு கட்டடக் கலைஞர் லே கார்பூசியே அதைத் திட்டமிட்டார். அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார் நேக் சந்த்.

குப்பை எங்கிருந்து வந்தது?

புது நகரம் கட்ட, அங்கே ஏற்கெனவே இருந்த கிராமங்கள் பல இடிக்கப்பட்டன. உடைந்த பாத்திரம், ஓடு, வளையல், பீங்கான் என்று குவிந்து கிடந்தது. மற்றவர்களுக்கு அது இடிபாடு. சொந்த ஊரை இழந்து வந்தவருக்கு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். உடைந்த சாமான்களையும், ஆற்றுப் படுகையில் கிடைத்த வித்தியாசமான கற்களையும் ஏற்றி வருவார்.

1950-களின் கடைசியில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கினார். அது பாதுகாக்கப்பட்ட வன நிலம். அங்கே எதுவும் கட்டக்கூடாது. மாட்டியிருந்தால் வேலையே போயிருக்கும். அதனால் பெரும்பாலும் இரவில்தான் வேலை. வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்திக்கொள்வார்.

சிற்பத்தை எப்படிச் செய்தார்?

முறை ரொம்ப எளிமை. சைக்கிள் பிரேம், கம்பி மாதிரியானவை எலும்புக்கூடு. அதன்மேல் சிமென்ட் சதை. சிமென்ட் காய்வதற்குள் உடைந்த வளையல், பீங்கான் துண்டு, பாட்டில் மூடி ஆகியவற்றைப் பதித்தால் தோல் தயார். சைக்கிள் சீட் விலங்கின் தலையாக மாறும். பீங்கான் மின்சாதனங்களும் தார் டிரம்களும் சுவராக எழும்பும். நடனமாடுபவர்கள், இசைக்கலைஞர்கள், குரங்குகள், பறவைகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக நிற்கும்.

விழுப்புரம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவு புதுசாக இருக்காது. அய்யனார் கோயிலில் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். குதிரைக்குக் குயவர் மண்ணைப் பிசைந்து சூளையில் சுடுகிறார். நேக் சந்துக்குச் சூளை கிடையாது, நல்ல மண்ணும் கிடையாது. நகரம் வீசி எறிந்ததுதான் அவருடைய களிமண்.

வெளிநாட்டில் இதை யாரும் செய்யலையா?

செய்தார்கள். மார்செல் துஷாம்ப் 1917-ல் ஒரு சிறுநீர்க் கோப்பையையே கண்காட்சிக்கு அனுப்பி பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். பிகாசோ 1942-ல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து காளையின் தலையை உருவாக்கினார். இன்றைக்கு நம்ம நாட்டில் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி பிரமாண்ட சிற்பங்கள் செய்கிறார். இவர்கள் எல்லாம் கலை உலகத்துக்காரர்கள். நேக் சந்த் சிற்பக்கலை படித்தவர் இல்லை. கண்காட்சியில் வைக்கவும் செய்யவில்லை.

இடிக்காமல் விட்டது ஏன்?

1975-ல் விஷயம் வெளியே தெரிந்தது. அதற்குள் சுமார் 12 ஏக்கரில் முற்றங்களும் சிற்பங்களும் பரவியிருந்தன. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு. யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு, மொத்தத்தையும் இடித்திருக்கலாம். ஆனால் மக்கள் பார்க்க வர ஆரம்பித்துவிட்டார்கள். இடிப்பது கஷ்டமாகிவிட்டது.

1976-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குத் தோட்டப் பொறியாளர் பதவியும் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கிடைத்தார்கள். கழிவுப் பொருள் சேகரிக்க நகரத்தில் மையங்களும் வந்தன. 1983-ல் தபால் தலையில் இடம்பெற்றது தோட்டம். 1984-ல் பத்மஸ்ரீ விருது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கும் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

அதோடு பிரச்னை முடிந்ததா?

இல்லை. 1990-ஐ ஒட்டி தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர்கள் வந்தன. மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் நிதியுதவி நிறுத்தப்பட்டு, சிற்பங்கள் சேதப்படுத்தப்பட்டன. அடுத்த வருஷமே அவரது பணியைக் காக்க லண்டனில் ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

2015 ஜூன் 12-ல், 90 வயதில் நேக் சந்த் காலமானார்.

அவர் போன பிறகும் தோட்டத்துக்கு நிம்மதி இல்லை. 2025-ல் பக்கத்தில் உள்ள உயர்நீதிமன்றத்துக்கான சாலை, பார்க்கிங் விரிவாக்கத்துக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அனுமதி இல்லாமல் கட்டியதாக ஒரு காலத்தில் நேக் சந்தை நோக்கி எழுந்த கேள்வி, இந்த முறை இடித்தவர்களை நோக்கித் திரும்பியது.