அலை மேல் நின்ற டியூக்!

குட்டீஸ்... கடற்கரைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? அலை வந்ததும் காலை நனைத்து, கத்திக்கொண்டே கரைக்கு ஓடி வருவீர்கள், இல்லையா? அதே அலையின் முதுகில், ஒரு பலகை மேல் நின்றபடி கரை வரை சவாரி செய்தால் எப்படி இருக்கும்?

அந்த அலைச்சறுக்கு விளையாட்டை உலகுக்கு எடுத்துச் சென்றவர் டியூக் கஹானமோகு. தான் ஏறி நிற்கும் பலகையைத் தன் கையாலேயே செதுக்கியவர்!

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கின்றன ஹவாய்த் தீவுகள். அங்குள்ள ஹோனலுலு நகரில், 1890 ஆகஸ்ட் 24ல் பிறந்தார் டியூக். அது பட்டம் அல்ல. அவரது பெயரே அதுதான். 1869ல் இங்கிலாந்து இளவரசரான எடின்பரோ டியூக் ஹவாய்க்கு வந்திருந்தார். அப்போது பிறந்த ஒரு குழந்தைக்கு, அவர் நினைவாக அந்தப் பெயரை வைத்தனர். அந்தக் குழந்தைதான் நம் டியூக்கின் அப்பா. அப்பாவின் பெயரே மூத்த மகனுக்கும் வந்தது.

டியூக் வளர்ந்தது வைகிகி கடற்கரையில். குடும்பத்துக்கு உதவ வேண்டியிருந்ததால், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். கடல்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

ஹவாய் மக்களுக்கு அலைச்சறுக்கு புதிது அல்ல. அவர்களின் முன்னோர் ஒரு பலகை செய்வதை வழிபாடு போலவே நினைத்தனர். காட்டில் நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதன் அடியில் ஒரு சிவப்பு மீனைக் காணிக்கையாக வைப்பர். பிறகே மரத்தை வெட்டுவர். கல் வாச்சியால் செதுக்கி, பவளப்பாறைத் துண்டாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவர்.

அடுத்து வண்ணம்! கடையில் பெயின்ட் வாங்க முடியாத காலம் அல்லவா? குகுய் என்ற மரத்தின் பட்டையை இடித்துச் சாயம் எடுத்தனர். அதன் கொட்டையைச் சுட்டுக் கரியாக்கினர். தீ என்ற செடியின் வேரிலிருந்தும், வாழை மொட்டிலிருந்தும் சாறு எடுத்தனர். இவற்றைப் பூசியதும் பலகை கருகருவென்று ஆகும். கடைசியில் குகுய் எண்ணெயைத் தேய்த்தால், கண்ணாடி போல மின்னும். அந்தக் காலப் பலகைக்கு அதுதான் அலங்காரம். தண்ணீர் ஊறாமல் காக்கும் கவசமும் அதுதான்!

சவாரி முடிந்ததும் பலகையைக் காய வைத்து, மறுபடி எண்ணெய் பூசி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்க விடுவர். நீங்கள் உங்கள் சைக்கிளை இப்படிப் பார்த்துக்கொள்வீர்களா?

ஆனால், 19ம் நூற்றாண்டில் இந்த விளையாட்டு மெல்ல மெல்லக் குறைந்து, மறையும் நிலைக்கே வந்துவிட்டது. அதற்கு உயிர் கொடுத்த இளைஞர்களில் ஒருவர்தான் டியூக். அவரது பெரிய பலகையின் பெயர் பாப்பா நூயி. பழங்காலத் தலைவர்கள் பயன்படுத்திய பலகையைப் போலவே, கோவா மரத்தில் செய்யப்பட்டது. நீளம் 16 அடி. எடை சுமார் 52 கிலோ! தூக்கவே இரண்டு பேர் வேண்டும் போலிருக்கிறதே என்கிறீர்களா? டியூக் அதன் மேல் நின்று அலையில் பறந்தார்.

நீச்சலிலும் அவர் புலி. 1911 ஆகஸ்டில், ஹோனலுலு துறைமுகத்தில் நடந்த போட்டியில் 100 கஜத்தை 55.4 வினாடியில் கடந்தார். அன்றைய உலக சாதனையை விட நான்கு வினாடிக்கும் மேல் குறைவு! அமெரிக்க அதிகாரிகளோ நம்பவில்லை. சாதனையை ஏற்க மறுத்தனர்.

டியூக் சண்டை போடவில்லை. ஊர் மக்கள் பணம் திரட்டி, அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். சந்தேகப்பட்டவர்களுக்குத் தண்ணீரிலேயே பதில் கிடைத்தது! 1920ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மேலும் இரண்டு தங்கம் வென்றார்.

நடுவில், 1914 டிசம்பரில் நீச்சல் காட்ட ஆஸ்திரேலியா சென்றார். அங்கே டிசம்பர் என்றால் கோடை காலம். சிட்னி கடற்கரையில் அருமையான அலைகள். ஆனால், கையில் பலகை இல்லை. சும்மா இருப்பாரா டியூக்? பைன் மரம் வாங்கி, தானே ஒரு பலகையைச் செதுக்கினார். ஃபிரெஷ்வாட்டர் கடற்கரையில் அவர் அலை மேல் எழுந்து நின்றபோது, கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. இசபெல் லெத்தம் என்ற 15 வயதுச் சிறுமியையும் தன் பலகையில் ஏற்றிச் சவாரி செய்தார். அந்தப் பலகையை அவர் ஊருக்கு எடுத்துப் போகவில்லை. ஃபிரெஷ்வாட்டரில் உள்ள கடல் மீட்புச் சங்கத்தில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1925 ஜூன் 14. கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுகம் அருகே, ராட்சத அலைகளில் சிக்கி, தெல்மா என்ற படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் 29 பேர். கரையில் இருந்த டியூக், பலகையுடன் கடலில் பாய்ந்தார். தத்தளித்தவர்களைப் பலகையில் ஏற்றிக் கரை சேர்த்தார். மூச்சு வாங்கக்கூட நிற்காமல், திரும்பத் திரும்பச் சென்றார். எட்டு பேரை அவர் காப்பாற்றினார். அவரது நண்பர்கள் நான்கு பேரை மீட்டனர். 17 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகுதான், கடற்கரைக் காவலர்கள் மீட்புப் பணிக்கும் பலகை வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது.

இத்தனை செய்தவர் வசதியாக வாழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அந்தக் காலத்தில் ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டுக்காகப் பணம் வாங்கக் கூடாது. சினிமாவில் சிறு சிறு வேடங்கள்தான் கிடைத்தன. ஊர் திரும்பியவர் துப்புரவு வேலை செய்தார். பெட்ரோல் நிலையத்திலும் உழைத்தார். எந்த வேலையையும் அவர் கேவலமாக நினைக்கவில்லை. 1934ல் மக்கள் ஓட்டுப் போட்டு, அவரை ஹோனலுலுவின் ஷெரிஃப் ஆக்கினர். பல ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

1968 ஜனவரி 22ல், 77வது வயதில் டியூக் மறைந்தார். அவரது அஸ்தி வைகிகி கடலிலேயே தூவப்பட்டது. 1990ல் அங்கு அவருக்குச் சிலை வைத்தனர். சிலை கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. டியூக் ஒருநாளும் கடலுக்கு முதுகு காட்ட மாட்டார் என்று சிலர் கோபித்துக்கொண்டனராம்! ஆனாலும், சிலையின் கைகளில் பூமாலைகளுக்குக் குறைவில்லை.

இன்று பெரும்பாலான பலகைகள் எடை குறைந்த நுரைப் பொருளில் செய்யப்படுகின்றன. அதை உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களில் ஒட்டும் நாடா ஒட்டி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் மீன், ஆமை, சூரியன் என்று விரும்பிய படத்தை வரைகின்றனர். ரசாயனக் கரைப்பான் கலந்த பெயின்ட் அடித்தால், சில வகை நுரை உருகிப் போகும்! வண்ணம் காய்ந்ததும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி, மேலே ரெசின் ஊற்றுவர். அது இறுகியதும், படம் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரியும். அலை எத்தனை அடித்தாலும் எளிதில் அழியாது. கரியும் வாழை மொட்டும் செய்த வேலையை, இன்று அக்ரிலிக்கும் ரெசினும் செய்கின்றன.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் கரிசா மூர். அவர் எந்த ஊர் தெரியுமா குட்டீஸ்? டியூக் பிறந்த அதே ஹோனலுலு!