சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் நம் கவியரங்கமும்

பின்னலாடைத் தொழிலால் பேர்பெற்ற நம் திருப்பூர்ப் பகுதியில் சனிக்கிழமை சம்பள நாளாகும். அன்று மாலை கூலியைப் பெற்றுக்கொண்டு, பஞ்சுத் துகள் படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் கவியரங்கிற்கு வந்தமரும் இளைஞர்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தலைமைக் கவிஞர் நடுவே வீற்றிருப்பார். பெயர் நாட்டிய கவிஞர்கள் இருபுறமும் அமர்ந்திருப்பர். அன்றுதான் முதன்முதலாக மேடையேறும் மாணவன் கடைசி நாற்காலியில் தாளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருப்பான். இம்மேடைக்கு முன்னோர் யாவர் என்று மாணவர் சிலர் நம்மை வினவினர். பாரதிதாசன் பரம்பரையையும் வானொலிக் கவியரங்கையும் சுட்டி விடை கூறுவது வழக்கம். நாம் இன்னும் சற்றுப் பின்னே சென்று, அவையோர் கண்ணெதிரே கவி புனைந்த ஒரு பெருமகனாரின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

செய்குத்தம்பிப் பாவலர் 1874ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு இடலாக்குடியில் பக்கீர் மீரான் சாகிபு, ஆமினா அம்மையார் ஆகியோரின் மகனாகப் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தமையால் பள்ளிக்கூடத்தில் மலையாளமே கோலோச்சியது. வீட்டில் பேசும் தமிழை இலக்கணத்தோடு கற்க வேண்டுமாயின் தனியே ஓர் ஆசானை நாட வேண்டும். சங்கரநாராயண அண்ணாவியார் என்னும் புலவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். இந்து ஆசிரியரிடம் முஸ்லிம் மாணவர் யாப்பும் அணியும் கற்றது அன்றைய கோட்டாற்றில் வியப்புக்குரிய செய்தியன்று. இன்று நாம் அதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இளமையிலேயே சென்னை சென்ற பாவலர் அச்சுக்கூடமொன்றில் பதிப்புப் பணி ஏற்றார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திற்கு அவர் வரைந்த உரை, அக்காப்பியத்தைப் பொதுத் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தது. அதே காலத்தில் சென்னையில் அருட்பா, மருட்பாப் பூசல் மீண்டும் மூண்டது. இராமலிங்க வள்ளலாரின் பாடல்களை அருட்பா என அழைக்கலாகாது என வாதிட்டவர்களுள் முதன்மையானவர் சதாவதானம் நா. கதிரைவேற்பிள்ளை. வள்ளலாரின் பக்கம் நின்று மேடைதோறும் முழங்கினார் செய்குத்தம்பிப் பாவலர். ஒரு சைவ நூலின் பெருமைக்காக ஓர் இசுலாமியப் புலவர் வழக்காடியதை அவையோர் ஏற்றனர்; அவரது நூலறிவின் ஆழமே அதற்குக் காரணம் எனலாம்.

அவர்தம் பெயரோடு நீங்காது ஒட்டிக்கொண்ட பட்டத்திற்கு வருவோம். அவதானம் என்பது கவனம். ஒரே நேரத்தில் எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துவோர் அட்டாவதானி, நூறு செயல்களில் செலுத்துவோர் சதாவதானி. அவையில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். மற்றொருவர் காப்பியச் செய்யுளுக்குப் பொருள் கேட்பார். வேறொருவர் ஆண்டும் தேதியும் கூறிக் கிழமை வினவுவார். இடையிடையே மணி அடிக்கும்; முதுகில் சிறு கற்கள் விழும்; இரண்டின் எண்ணிக்கையும் தவறக்கூடாது. எதிரே சதுரங்கக் காய் நகரும். நாவோ இறைநாமத்தை ஓதிக்கொண்டிருக்கும். யாவும் முடிந்தபின் எவரெவருக்கு என்ன விடை என்பதை வரிசை பிறழாது ஒப்பிக்க வேண்டும். 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில், அறிஞர் பலர் குழுமியிருந்த பேரவையில் பாவலர் நூறையும் நிறைவேற்றிச் சதாவதானி எனப் போற்றப்பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

இதெல்லாம் நினைவுச் சாகசமேயன்றிக் கவிதையாகுமா என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. மணியோசையை எண்ணுவதால் எவரும் கவிஞராகிவிடார். ஆயின், பாவலரைப் பற்றித் தமிழாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று, அவ்வரங்கில் கவிதைக்கும் இடமிருந்ததைக் காட்டுகிறது. அவையில் ஒருவர் கொடுத்த ஈற்றடி, துருக்கனுக்கு இராமனே துணை என்னும் பொருள்பட அமைந்திருந்தது. துருக்கன் என்பது முஸ்லிமைக் குறித்து அக்காலத்தில் வழங்கிய சொல். அவ்வடியை அப்படியே ஏற்றால் தம் சமயத்திற்கு முரண். மறுத்தால் அவதானம் தோற்றது. அவையும் மூச்சடக்கிக் காத்திருந்திருக்கும். பாவலர் சினக்கவில்லை. முன்னடியில் பரதனையும் இலக்குவனையும் வரிசையாக நிறுத்தி, அடியின் இறுதியில் ‘சத்’ என்னும் ஓரசையை மட்டும் வைத்தார். அது ஈற்றடியின் முதற்சொல்லோடு கூடியவுடன் துருக்கன் மறைந்தான், சத்துருக்கன் தோன்றினான். தம்பிக்குத் தமையன் துணையென வெண்பா முடிந்தது. கேட்டவருக்கும் வருத்தமில்லை, பாடியவருக்கும் இழுக்கில்லை. இராமகாதையில் நல்ல பழக்கமும், வெண்பாவின் தளையில் கைதேர்ந்த பயிற்சியும் ஒருங்கே இல்லாதவருக்கு அந்த ஒரு நொடியில் அவ்வசை அகப்பட்டிராது.

நாமும் ஒருமுறை வகுப்பில் ஈற்றடி கேட்டுப் பெற்று, கரும்பலகையின் முன் நெடுநேரம் நின்று, மணி அடித்தபின் நாணத்தோடு வெளியேறியதுண்டு. அன்றுமுதல் அவதானிகளைச் சாகசக்காரர் என இகழ்வதை விட்டுவிட்டோம்.

பாவலர் நாட்டுப்பற்று மிக்கவர். அந்நியத் துணியை ஒதுக்கிக் கதராடை அணிந்தார். 1920களில் தமிழகக் கதர்த் தொழிலின் தலைமை நிலையமாக நம் திருப்பூரே விளங்கியதை எண்ணும்போது, அவர் நமக்குச் சற்று நெருங்கிய உறவினராகவே தோன்றுகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றும் நபிகள் நாயக மான்மிய மஞ்சரி, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நாகைக் கோவை முதலியன அவர்தம் நூல்கள். அச்சேறிய இந்நூல்களைக் காட்டிலும் மேடையில் பிறந்த அந்த ஒரு வெண்பாவையே மக்கள் மிகுதியாக நினைவில் வைத்திருக்கின்றனர். இது அவருக்கு முழு நீதியாகுமா என்னும் ஐயம் நமக்குண்டு.

1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பாவலர் மறைந்தார். அவர் பிறந்த மண் தமிழகத்தோடு இணைந்தது அதற்குப்பின் 1956இல்தான். 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இடலாக்குடியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

நம் துறைக் கவியரங்கில் இவ்வாண்டு ஒரு புது வழக்கத்தைச் சேர்த்துள்ளோம். முதன்முறை மேடையேறும் மாணவர் தம் கவிதையைப் படித்து முடித்ததும், அவையிலிருந்து யாரேனும் ஓர் ஈற்றடி கொடுக்கலாம். சென்ற அரங்கில் மூவர் முயன்றனர். இருவருக்குத் தளை தட்டியது. மூன்றாமவர், இரவுப் பணியில் ஓவர்லாக் இயந்திரம் ஓட்டிவிட்டுப் பகலில் வகுப்புக்கு வரும் இரண்டாமாண்டு மாணவர், நான்கடியையும் பிழையின்றி முடித்துவிட்டு, பணிக்கு நேரமாகிவிட்டதென விடைபெற்றுச் சென்றார்.