கரை இறங்காத வீரர்

தென் அமெரிக்க விடுதலை என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருவது பொலிவாரின் பெயர்தான். என் மனம் என்னவோ ஹோஸே டி ஸான் மார்ட்டினிடமே போகிறது.

1778-இல், இன்றைய அர்ஜென்டைனாவிலுள்ள யபேயூவில் பிறந்தார். தந்தை ஸ்பானிய அதிகாரி. சிறுவயதிலேயே ஸ்பெயினுக்குப் போனவர், அந்நாட்டுப் படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து, நெப்போலியன் சேனையோடு பொருது பெயரும் பெற்றார். 1812-இல் அத்தனையும் உதறிவிட்டுப் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார், தாம் சேவித்த அரசையே எதிர்க்க!

எதிரியின் கோட்டை பெருவிலுள்ள லிமா. நேர்வழியில் அதை எட்ட முடியாதென்று கண்டார். ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சிலியை மீட்டு, அங்கிருந்து கடல்வழியே பெருவை அடைவதே அவர் திட்டம். மெண்டோஸா நகரில் படை திரட்டினார். பெல்ட்ரான் என்ற பாதிரியார் தேவாலய மணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தார். விடுதலை தரப்பட்ட கறுப்பின அடிமைகள் பலர் காலாட்படையில் சேர்ந்தனர். தெற்குக் கணவாய் வழியே போக இசைவு தரும்படி பெவென்சே பழங்குடித் தலைவர்களைக் கேட்டார். சேதி ஸ்பானியர் காதுக்கு எட்ட வேண்டுமென்றே கேட்டார். எட்டியது. அவர்கள் படையைப் பிரித்துக் காவல் வைத்தார்கள். அவரோ வேறு வழியில் போனார்!

1817 ஜனவரியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மலையேறினர். அங்கே அது கோடைதான். ஆனாலும் உச்சியில் இரவெல்லாம் உறைபனி. (மார்கழிக் குளிருக்கே கம்பளிக்குள் முடங்கும் நம் விடுதி நண்பர்கள் கவனிக்க!) ஏறத்தாழ ஒன்பதாயிரம் கோவேறு கழுதைகளில் பாதிக்கு மேல் மறுபுறம் சேரவில்லை. பிப்ரவரி 12-இல் சாக்கபூக்கோவில் வெற்றி. 1818-இல் மைப்பூ வெற்றியோடு சிலியின் விடுதலை உறுதியாயிற்று. 1821 ஜூலை 28-இல் லிமாவில் பெருவின் சுதந்திரத்தை அறிவித்தார்.

ஆனால் போர் முடியவில்லை. 1822 ஜூலையில் குவயாகில் நகரில் பொலிவாரைச் சந்தித்தார். இருவரும் தனித்துப் பேசினார்கள். செப்டம்பரில் பதவியைத் துறந்து பெருவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அது தோல்வி என்று சாதிக்கிறான் என் அறைத் தோழன். பொலிவாரிடம் பெரும்படை இருந்தது உண்மை. பெருவுக்கு ஐரோப்பிய இளவரசன் ஒருவனை அரசனாக்க ஸான் மார்ட்டின் விரும்பியதை நானும் ஏற்கவில்லை. ஆயினும் இரண்டு தளபதிகள் அதிகாரத்துக்காக மோதிக்கொண்டிருந்தால் லாபம் ஸ்பானியருக்கல்லவா? அவர் விலகினார், 1824-இல் பொலிவாரின் படை அயகூச்சோவில் வென்று போரை முடித்தது.

1823-இல் மனைவி ரெமடியோஸ் இறந்தார். மறு ஆண்டு சிறுமி மெர்ஸெடஸோடு ஐரோப்பாவுக்குப் போனார். 1829-இல் ஒருமுறை கப்பலில் ப்யூனஸ் அயர்ஸ் வரை வந்தார். அங்கே சொந்த நாட்டவரே ஒருவரையொருவர் வெட்டி மடிந்துகொண்டிருந்தனர். எந்தக் கட்சிக்கும் வாளெடுக்க மனமின்றி, கரையில் கால் வைக்காமலே திரும்பினார். 1850-இல் பிரான்ஸின் பூலோன் நகரில் உயிர் பிரிந்தது. அவர் உடல் தாயகம் சேர 1880 ஆயிற்று.